வாய்வழக்கு

தகரக் கூரை போட்ட நிறுத்தத்தில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. அணைத்துவிட்டால் மறுபடி கிளம்ப அது தனியாக மனசு வைக்க வேண்டும் என்பதால் டிரைவர் இஞ்சினை அணைப்பதில்லை. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வலதுபக்கக் கடைவாய்ப் பல் ராத்திரி முழுக்க அவனைத் தூங்கவிடவில்லை. கன்னம் உப்பி, ஒரு கண்ணே சிறுத்துப் போயிருந்தது. வாயில் அடக்கியிருந்த கிராம்பு காரம் போய் வெறும் குச்சியாகிவிட்டது.

தையல் கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பட்டன் துளை போடும் காஜா மெஷினில் உட்காரும் அக்கா, எல்லோருக்கும் மூத்தவள், படியில் கால் வைத்தபடியே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணா, வாய்க்குள்ள பந்தை வெச்சு அடைச்சிருக்கீங்க?"

"பல்லுங்க."

"புடுங்கிட வேண்டியதுதானே?"

"ஒரு நாள் லீவு வேணுமே. மேனேஜர் பல்லைக் கடிக்கிறாரு."

"அவர் கடிக்கட்டும், அவருக்குத்தான் பல்லு நல்லா இருக்கே." வேன் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரிக்கப் போய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

கடைசியாக அவன் மனைவி ஏறினாள். அவளும் அதே கம்பெனியில்தான், செக்கிங் மேஜையில். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து எது கோணல், எது விட்டுப்போன தையல் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அவனுக்கு நேர் பின்னால் இருக்கும் சீட் அவளுடையது. உட்கார்ந்ததும் கையை முன்னால் நீட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்தக் கையில் வைத்தான். கல்யாணமான புதிதில் ஒரு தடவை வண்டி ஓட்டும்போது போனை எடுக்கப் போய், விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றதிலிருந்து இது நடக்கிறது. அவள் இல்லாத நாளில் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவான்.

அவள் பிளாஸ்கைத் திறந்து, வெந்நீரை மூடியில் ஊற்றி, அவனுடைய கறுப்புக் கைக்குட்டையை அதில் நனைத்துப் பிழிந்து, உள்ளங்கை அளவுக்கு மடித்துக் கொடுத்தாள். "சூடு ஆறுறதுக்குள்ள வெச்சுக்கங்க." அவன் அதைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, கொஞ்சம் உயிர் வந்தவனாக வண்டியை எடுத்தான்.

நாற்சந்தியில் நெரிசல். வண்டிகள் ஒன்றன் வால் ஒன்றைப் பிடித்து ஊர்ந்துகொண்டிருந்தன. இடது கை ஸ்டியரிங்கில், வலது கை கன்னத்தில். சந்தியின் ஓரம் நின்ற போக்குவரத்து அதிகாரி கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார்.

"போன்ல யாருகூடக் கொஞ்சிக்கிட்டு வர்ற? பின்னாடி இத்தனை பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு?"

டிரைவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கைக்குட்டையைப் பார்த்தான். அது மடியில் விழுந்திருந்தது. வாய் திறக்க வலி விடவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மனைவி பேசிவிட்டாள்.

"சார், போன் என் பையில இருக்கு. இதோ பாருங்க. அவருக்குப் பல்வலி, துணிதான் வெச்சிருந்தாரு."

"நீ யாரு?"

"அவரு வீட்டுக்காரி."

"அதானே பாத்தேன். அவன் பேசி முடிச்சதும் நீ வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்ட."

"இல்ல சார். வேணும்னா போனைத் திறந்து பாருங்க, எப்ப பேசியிருக்குன்னு தெரிஞ்சிடும்."

பெண்கள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒருத்தி மணியைப் பார்த்து, கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள் என்றாள். கேட் மூடினால் அரைநாள் சம்பளம் போகும். அதிகாரியின் முகம் இறுகியது. டிரைவர் அந்த முகத்தைப் பார்த்தான். அப்படிப்பட்ட முகங்கள் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம்.

"நீ சும்மா இரு," என்றான் மனைவியிடம். "பெரியவங்க பேசும்போது நடுவுல பேசாத." பிறகு இரண்டு கைகளையும் கூப்பினான். "தப்புதான் சார்."

'தப்புதான்' என்பது அவன் நாக்கில் ஊறிப்போன சொல். தப்பு யாருடையது என்பது வேறு விஷயம். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் அவன்தான் தப்புதாங்க என்பான். நாய் குறுக்கே ஓடினால் பிரேக்கை மிதித்துவிட்டு, "தப்புதான்ப்பா, போ" என்று நாயிடமே சொல்வான். செக்யூரிட்டி கத்தினால் தப்புதான், மேனேஜர் முறைத்தால் தப்புதான், வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீர் மோட்டார் ஓடாததற்குத் திட்டினாலும் தப்புதான். சொன்னதும் எதிரில் இருப்பவர் குரல் இறங்கும். பாதை விடும். வேலை நடக்கும். பெண்கள் அவனுக்குத் 'தப்புதான் அண்ணன்' என்று பேர் வைத்து அவன் காதுபடவே கூப்பிடுவார்கள். அதற்கும் சிரித்துக்கொள்வான்.

அதிகாரி தன் மார்பில் மாட்டியிருந்த கேமராவைத் தட்டினார். "இதைப் பாத்துச் சொல்லு."

"தப்புதான் சார். இனிமே நடக்காது."

அதிகாரி வழக்குச் சீட்டை நீட்டினார். பேனாவையும் அவரே கொடுத்தார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வழியில், "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க," என்று காஜா அக்கா மெல்ல ஆரம்பித்தாள். யாரும் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். மனைவி போனைப் பைக்குள் வைக்காமல் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பல்வலியைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனான். தப்புதான் என்றதற்காக இல்லை, அதை ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. உண்மையைச் சொன்னவளை அத்தனை பேர் எதிரில் வாயடைத்துவிட்டோமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இறங்கும்போது அவள் போனை அவன் கையில் கொடுக்கவில்லை, இருக்கையின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மேனேஜர் அந்த வழக்குச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "போன் கேஸா? ஆள் ஏத்துற வண்டி. கோர்ட்டுக்குப் போகணும் நீ. லைசென்சுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். கம்பெனி இதுல தலையிடாது, தெரியும்ல?"

"நான் பேசல சார். பல்வலி..."

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

அவன் சொல்வதற்கு இருந்த ஒரே சொல்லை அன்றைக்குக் காலையிலேயே செலவழித்துவிட்டிருந்தான்.

சாயங்காலம் பெண்களை இறக்கிவிடும்போது காஜா அக்கா இறங்காமல் அவன் பக்கம் வந்து நின்றாள். "அண்ணா, எங்க அரைநாள் போயிடக் கூடாதுன்னுதானே ஒத்துக்கிட்டீங்க? எங்களுக்குத் தெரியாதா? கோர்ட்டுல எங்க வந்து சொல்லணுமோ சொல்லுங்க, நாங்க வர்றோம். என் தங்கச்சி வீட்டு விஷயத்தைப் பாத்த வக்கீலம்மா ஒருத்தங்க இருக்காங்க. நாளைக்கே போய்ப் பாருங்க."

அவன் தலையை ஆட்டினான். அவர்களுக்காகத்தான் சொன்னேன் என்றால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் அவன் யாரையும் நினைக்கவில்லை. நாக்கு அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. இல்லாத நல்ல குணத்துக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு நிற்பது, திட்டு வாங்குவதைவிடக் கூச்சமாக இருந்தது.

வக்கீலம்மாவின் அறை டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மாடிப்படியெல்லாம் ரப்பர் வாசனை. அறையில் ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னல் உயரத்துக்கு அடுக்கிய கேஸ் கட்டுகள். வக்கீலம்மாவுக்கு வயது அதிகம் இருக்காது. சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, நேராக அவனைப் பார்த்துக் கேட்டார்.

"அவர் நிறுத்தினதும் முதல்ல என்ன சொன்னார்? நீங்க என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கிற வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

டிரைவர் மேஜையைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லலீங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாதே என்று சொன்னவன் அவன்தானே.

"ஒண்ணுமே சொல்லலையா? சரி. அதுதான் நல்லது," என்றார் வக்கீலம்மா. "நிறுத்தினா நிறுத்தணும், அதுல மாத்துக் கருத்து இல்ல. லைசென்ஸ், வண்டிப் பேப்பர் கேட்டா காட்டணும். மரியாதையா பேசணும். ஆனா நீங்க செஞ்சதா இல்லையான்னு அங்கேயே ரோட்டுல ஒத்துக்கணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எதுக்காக நிறுத்தினீங்கன்னு நீங்க கேக்கலாம். 'நான் போன் பேசல'ன்னு ஒரு தடவை அமைதியா சொல்லிட்டு நிறுத்திக்கலாம். சீட்டுல கையெழுத்துக் கேட்டா படிச்சுப் பாத்து, 'பெற்றுக்கொண்டேன்'னு எழுதிப் போடலாம். பல்லைப் புடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றைக்கு இதெல்லாம் தெரிந்திருந்தாலும் தன் வாய் என்ன சொல்லியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"இதை லேசா எடுத்துக்காதீங்க. ஆள் ஏத்துற வண்டில போன் பேசினதா ஒத்துக்கிட்டா, அபராதத்தோட போகாது. லைசென்ஸையும் நிறுத்தி வெப்பாங்க. போன் கம்பெனிகிட்ட அந்த நேரத்துக்கான கணக்கைக் கேட்டு வாங்கலாம். பல் டாக்டர்கிட்டக் காட்டி ஒரு வார்த்தை எழுதி வாங்குங்க. வேன்ல இருந்தவங்க வந்து சொல்லத் தயாரா?"

"எல்லாரும் வர்றேன்னு சொல்றாங்கம்மா," என்றாள் மனைவி.

"நல்லது. நான் ஜெயிச்சுக் கொடுத்துடுவேன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி யாராவது கொடுத்தா அவங்ககிட்டப் போகாதீங்க. அதோட, அவங்க மார்புல கேமரா இருக்கும். அதுல பதிவானதைக் கேட்டு வாங்கி கோர்ட்டுலயே போட்டுக் காட்டச் சொல்லுவேன். நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா அது நமக்குத்தான் சாதகம்."

டிரைவர் அதை நினைத்துப் பார்த்தான். திரையில் தன் முகம் வரும். உப்பிய கன்னம், கூப்பிய கை. நீ சும்மா இரு என்று பின்னால் திரும்பி அதட்டுகிற குரல். தப்புதான் சார், இனிமே நடக்காது. நீதிபதி பார்ப்பார், வக்கீலம்மா பார்ப்பார், காஜா அக்கா பார்ப்பாள். ஒண்ணும் சொல்லலீங்க என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன பொய்யும் சேர்ந்து வெளியே வரும். அந்த இடத்திலேயே, இல்லைம்மா, சொன்னேன், அது என் வாய்ப் பழக்கம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எப்போது பார்த்தாலும் ஓடி வருகிற அந்தச் சொல், வேண்டிய நேரத்தில் வரவில்லை.

மறுநாள் பெண்களைக் கம்பெனியில் விட்டுவிட்டு, அவன் தனியாகக் கோர்ட் வாசலுக்குப் போனான். டீக்கடைப் பெஞ்சில் கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நாலு பேரிடம் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார். கணீரென்ற குரல். வாசலில் எல்லோரும் அவரைக் கணீர் வக்கீல் என்றுதான் சொன்னார்கள்.

"போன் கேஸா? சீட்டைக் கொடுங்க. என்னிக்குத் தேதி? சரி. காலைல வந்து நில்லுங்க, பேர் கூப்பிட்டதும் என் பக்கத்துல வாங்க, முடிஞ்சது."

"நான் என்ன சொல்லணுங்க?"

"நீங்க எதுக்குப் பேசணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா..."

"நடந்தது நடந்து போச்சு. அதைப் பேசி என்ன ஆகப்போகுது?"

"லைசென்சுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"அட, நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல. தைரியமா போங்க."

டிரைவருக்கு நெஞ்சில் வைத்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இந்த மனுஷன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்காதவர்தான் நல்ல வக்கீல் என்று அவனுக்குப் பட்டது. முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தான். அன்று ராத்திரி மனைவியிடம், "யாரும் வர வேணாமாம். வக்கீல் போதுமாம்," என்றான். எந்த வக்கீல் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கோர்ட் நாளன்று மேனேஜர் வேனை வேறொரு ஆளிடம் கொடுத்திருந்தார், அன்றைக்கு மட்டும் என்று. டிரைவர் ஷேவ் செய்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தே போனான். பல்வலி அடங்குவதும் கிளம்புவதுமாக இருந்தது. தாழ்வாரத்தில் ஜன்னலுக்குக் கீழே சாய்ந்து நின்றவன், மாடிப்படி வளைவில் தெரிந்த முகங்களைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டான். முன்னால் காஜா அக்கா. அவளுக்குப் பின்னால் வேனில் வரும் பெண்கள் சிலர். கடைசியில் மனைவி, கையில் பிளாஸ்கோடு.

"யாரும் வர வேணாம்னு சொன்னேனே."

"நீங்க சொல்லுவீங்கண்ணா," என்றாள் காஜா அக்கா. "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. கேக்கட்டும். ஒரு நாள் சம்பளம் போனா உயிரா போயிடும்? வக்கீலம்மா எங்க?"

மனைவியும் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கணீர் வக்கீல் படியேறி வந்து அவன் தோளில் ஓங்கித் தட்டினார். "வந்துட்டீங்களா? நம்ம நம்பர் அடுத்ததுதான். இவங்கெல்லாம் யாரு, உங்க ஜனங்களா? உள்ள வந்தா சத்தம் போடாம உக்காரச் சொல்லுங்க."

மனைவி வக்கீலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. மேஜையில் ஒரு சட்டையை விரித்துப் பார்த்து, இது சரிப்படாது என்று ஸ்டிக்கருக்குக் கை நீட்டும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"சாட்சி சொல்லத்தாங்க வந்திருக்காங்க," என்றான் அவன், வக்கீலிடம் குரலைத் தாழ்த்தி. "நான் அன்னிக்குப் போன் பேசலீங்க."

"பேசலையா?" கணீர் வக்கீல் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இதை வளத்துக்கிட்டுப் போனா வருஷக்கணக்கா அலையணும். வாங்க வாங்க."

அறை சின்னது. மின்விசிறிக்குக் கீழே நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நம்பரைக் கூப்பிட்டதும் டிரைவர் போய் நின்றான். பெண்கள் பின்பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். குமாஸ்தா வாசித்தார்: பயணிகள் வாகனம் ஓட்டும்போது கைப்பேசியில் உரையாடியது. கணீர் வக்கீல் தலையைச் சாய்த்து, "கட்சிக்காரர் ஏழைத் தொழிலாளி, முதல் தடவை. கருணை காட்டணும்," என்றார்.

நீதிபதி நிமிர்ந்தார். களைத்த முகம், ஆனால் கடுமையான முகம் இல்லை. வக்கீலை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். "உங்களைத்தான் கேக்கறேன். வண்டி ஓட்டும்போது போன் பேசினீங்களா?"

அப்படி நேராக, நீங்க என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து அவனிடம் யாரும் ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. டிரைவர் உதட்டை நனைத்துக்கொண்டான். இல்லை ஐயா. இரண்டே சொல். மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். மூச்சை இழுத்தான்.

"ஐயா, அவருக்குப் பல்வலி," என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது. காஜா அக்கா எழுந்து நின்றிருந்தாள். "நாங்க அந்த வண்டிலதான் இருந்தோம், போனு அவர் கையிலயே இல்ல."

"உக்காரும்மா," என்று வாசலில் நின்ற காவலாளி பாய்ந்தான். "கோர்ட்டுல கத்தக் கூடாது." பிளாஸ்க் உருண்டு தரையில் மோதி ஓசைப்பட்டது. நீதிபதியின் நெற்றி சுருங்கியது. பேனா அப்படியே நின்றது. டிரைவர் அந்த முகத்தைப் பார்த்தான். அவன் கைகள் தாமாகக் கூடின.

"தப்புதான் ஐயா," என்றான்.

சத்தம் போட்டதற்குச் சொன்னான். பாவம், படிக்காத பொம்பளைங்க, விவரம் தெரியாமல் எழுந்துவிட்டார்கள், மன்னித்துவிடுங்கள் என்பதற்காகச் சொன்னான். நீதிபதி குனிந்து எழுதினார். குமாஸ்தாவும் எழுதினார். என்ன எழுதுகிறார்கள் என்பது விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஐயா, நான் அதைச் சொல்லலைங்க..."

"ஆறு மாசம் உரிமம் நிறுத்தம். அபராதத்தைக் கவுன்டர்ல கட்டுங்க," என்றார் நீதிபதி, எழுதியபடியே. அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். கணீர் வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். "வருஷம்னு போடாம மாசத்தோட விட்டாரே, சந்தோஷப்படுங்க." அவர் கண் அதற்குள் தாழ்வாரத்தில் நின்ற வேறொருவர் மேல் போயிருந்தது.

கவுன்டரில் லைசென்ஸை வாங்கி, ஒரு துளையிட்ட அட்டையில் கட்டி, அட்டைகள் நிறைந்த தட்டில் போட்டார்கள். லைசென்ஸில் இருந்த பழைய போட்டோவில் அவனுக்கு மீசை அரும்பியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது.

பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். காஜா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்னாலதாண்ணா ஆச்சு. நான் எழுந்திருக்காம இருந்திருந்தா..."

"உங்க தப்பு இல்லீங்க," என்றான் அவன். "நான்..." தலையை நிமிர்த்த முடியவில்லை. அவர்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருத்தியின் செருப்பு வார் தையல் நூலால் கட்டப்பட்டிருந்தது. இந்தச் செருப்புகளோடு இவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பஸ்ஸில் அவனுக்கும் மனைவிக்கும் ஜன்னலோர சீட் கிடைத்தது. மற்ற பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றார்கள். அவன் கால் பஸ்ஸின் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இல்லாத பிரேக்கை மிதித்தது. ஜன்னலைப் பார்த்தபடியே, "உன்னை அன்னிக்குப் பேச விட்டிருக்கணும்," என்றான்.

"ஆமா," என்றாள் அவள்.

"வக்கீலம்மாகிட்டப் பொய் சொன்னேன். அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினா நீ மறுபடியும் பாப்பியேன்னு..."

"நான் நேர்லயே பாத்துட்டேனே. அதைவிடவா படத்துல தெரியப் போகுது?"

பஸ் நாற்சந்தியில் சிக்னலுக்கு நின்றது. அதே சந்தி. அதே அதிகாரி, ஜன்னலுக்குக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், மார்பில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். பல் விண்ணென்று தெறித்தது. கன்னத்துக்கு ஏறிய கை அவரைக் கண்டதும் பாதியில் நின்று, மடிக்கு இறங்கிவிட்டது.

மனைவியின் பைக்குள் போன் அடித்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது வழக்கப்படி அவள் கை நீட்ட, வழக்கப்படி அவன் கொடுத்திருந்தான், வண்டி இல்லை என்பதை மறந்து. அவள் எடுத்துப் பார்த்து அவனிடம் நீட்டினாள். "மேனேஜர்."

"அப்புறம் பேசறேன்."

"பேசுங்க. இப்ப நீங்க ஓட்டலையே."

அவன் போனை வாங்கி வீங்கிய கன்னத்தில் வைத்தான். மேனேஜர் சத்தமாகப் பேசினார். விஷயம் தெரிந்துவிட்டது, புது ஆளே இனி ஓட்டட்டும், இன்னொரு சாவி உன்கிட்டத்தானே இருக்கு, காலையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டாமா. டிரைவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது.

"தப்புதான் சார்," என்றான்.

கீழே நின்ற அதிகாரி குரல் வந்த பக்கம் நிமிர்ந்தார். ஜன்னலில் தெரிந்த உப்பிய கன்னத்தையும் அதில் ஒட்டியிருந்த போனையும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி, பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு வேனுக்குக் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார்.